இரண்டு நேம்சர்வரும் ஒரு மரணச் சான்றிதழும்

மாற்ற வேண்டியது இரண்டே வரி. எங்கள் சங்கத்தின் டொமைனுக்கு (வெப்சைட் பெயருக்கு) எந்த நேம்சர்வரிடம், அதாவது அந்தப் பெயரின் முகவரியைச் சொல்கிற எந்த சர்வரிடம், போய்க் கேட்க வேண்டும் என்று சொல்கிற இரண்டு வரி. அலுவலகத்தில் யாராவது இதைக் கேட்டால் போனில் பேசிக்கொண்டே முடித்துவிடுவேன். சங்கத்துக்காகச் செய்யப் போனபோது போலீஸ் ஸ்டேஷன் முத்திரை, மரணச் சான்றிதழ், 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஓர் உட்பிரிவு எல்லாம் தேவைப்பட்டன. டர்பனில் மற்ற சங்கங்களுக்கும் கோயில்களுக்கும் வெப்சைட் பார்த்துக்கொள்கிற தம்பி தங்கைகளுக்கு உபயோகப்படும் என்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் கடுப்பும் இருக்கிறது, அதை மறைக்கவில்லை.

எங்கள் சைட் ஒன்றும் பெரிய விஷயமில்லை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நேரம், மண்டப வாடகை, புரட்டாசி பஜனை, அப்புறம் வருஷத்துக்கு ஒரு முறை ஊரே தேடி வருகிற தைப்பூசக் காவடிப் பதிவுப் படிவம். நான் இங்கே வேலைக்கு வந்தவன், சங்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கிறேன். நெட்வொர்க் வேலை தெரியும் என்பதால் இதுவும் என் தலையில் வந்து விழுந்தது. சைட்டை ரொம்ப வருஷமாக வைத்திருந்தது ஒரு சின்ன ஹோஸ்டிங் கம்பெனி. அதை இன்னொரு பெரிய கம்பெனி வாங்கியது. பழைய சர்வர்களை மூடப்போகிறோம் என்று அவர்கள் முன்கூட்டியே அறிவிப்பு அனுப்பினார்களாம். எங்கே அனுப்பினார்கள்? சங்கத்தின் டொமைனிலேயே இருக்கிற செயலாளர் முகவரிக்கு. அந்தப் பெட்டியை யாரும் திறந்து பல வருஷம் ஆகிறது. நவம்பரில் சைட் போனது, கூடவே மெயிலும் போனது.

டொமைன் பெயரைத் தேடிப் பார்க்கிற 'டிக்' (dig) கட்டளையைப் போட்டுப் பார்த்தால் 'செர்வ்ஃபெயில்' என்று பிழை. பெயர் இருக்கிறது, பதில் சொல்ல ஆள் இல்லை. விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்: உங்கள் கணினி ஒரு பெயரைத் தேடும்போது அதற்காகத் தேடித் தருகிற சர்வர் முதலில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிற ரூட் சர்வர்களைக் கேட்கும், ரூட் 'இசட்ஏ (.za, தென்னாப்பிரிக்காவின் இரண்டெழுத்து) யாரிடம் இருக்கிறது பார்' என்று அனுப்பும், அங்கிருந்து கோ.இசட்ஏ, அங்கிருந்துதான் நம்முடைய நேம்சர்வர். அந்தக் கடைசித் தாவலுக்கு வழி காட்டும் என்எஸ் வரிகளில் உலகம் முதலில் நம்புவது கோ.இசட்ஏ பக்கம் இருப்பதைத்தான். நாம் நம் பக்கத்தில் எவ்வளவு சுத்தமாக ஜோன் ஃபைல் (டொமைனின் முகவரிப் பட்டியல்) எழுதி வைத்தாலும், மேலே பழைய பெயர் இருக்கிறவரை ஒன்றுக்கும் ஆகாது. புதிய ஹோஸ்டிங் அன்று சாயங்காலமே தயார். சைட் எங்கே என்று சொல்கிற ஏ ரெக்கார்ட், மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்கிற எம்எக்ஸ் ரெக்கார்ட் எல்லாம் எழுதியாயிற்று. யாரும் வந்து கேட்கவில்லை, ஏனென்றால் யாருக்கும் அந்த வழி தெரியாது.

மேலே இருக்கும் வரியை நாமாகப் போய் மாற்ற முடியாது. ரெஜிஸ்ட்ரார், அதாவது டொமைனைப் பதிவு செய்து தருகிற கம்பெனி, வழியாகத்தான் போக வேண்டும். கோ.இசட்ஏ-வை நடத்துகிற ரெஜிஸ்ட்ரியிடம் நேரடியாகப் போய் நின்றாலும் 'உங்கள் ரெஜிஸ்ட்ராரைக் கேளுங்கள்' என்பார்கள், அது சரியும் கூட. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

ரெஜிஸ்ட்ராரின் பக்கத்தில் பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா என்று கேட்கிற பொத்தானை அழுத்தினேன். 'உங்கள் முகவரிக்கு லிங்க் அனுப்பியிருக்கிறோம்' என்று வந்தது, முகவரியில் முதல் எழுத்தைத் தவிர மற்றதெல்லாம் நட்சத்திரம், ஆனால் அட் குறிக்குப் பின்னால் இருந்ததை மறைக்கவில்லை. அது சங்கத்தின் டொமைன். அதாவது செத்துக் கிடக்கிற டொமைனை உயிர்ப்பிக்கும் சாவியை அதே டொமைனின் மெயில் பெட்டிக்கு அனுப்பிவிட்டார்கள். மெயில் வர வேண்டுமானால் நேம்சர்வர் மாற வேண்டும், நேம்சர்வர் மாற வேண்டுமானால் மெயில் வர வேண்டும். வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றிக்கொண்டு போகலாமே என்று தோன்றும். அதற்கும் சம்மதம் கேட்டுப் போகிற மெயில் பதிவானவரின் அதே முகவரிக்குத்தான்.

இங்கே ஒரு குறுக்கு வழி இருந்தது, கெட்ட வழி இல்லை. கோ.இசட்ஏ காட்டுகிற பழைய இரண்டு நேம்சர்வர் பெயர்களும் பழைய ஹோஸ்டிங் கம்பெனியின் சொந்த டொமைனுக்குள் இருப்பவை. அந்த டொமைன் இப்போது வாங்கிய கம்பெனி கையில். அந்த இரண்டு பெயர்களின் ஐபி முகவரியை மட்டும் அவர்கள் எங்கள் புதிய சர்வருக்குத் திருப்பிவிட்டால், மேலே எதையும் தொடாமலேயே எங்கள் சைட் எழுந்து நிற்கும், மெயில் வரும், லிங்க்கை அழுத்தி முறைப்படி மாற்றிவிடலாம். சரி, மற்ற வாடிக்கையாளர்கள் யாராவது அதே பெயரில் தொங்கிக்கொண்டிருந்தால் அப்படிச் செய்ய முடியாது. அப்படியானால் எங்கள் ஒரு ஜோனை மட்டும் அவர்கள் சர்வர் எதிலாவது சில நாள் ஏற்றி வையுங்கள், ஃபைலை நானே எழுதித் தருகிறேன் என்று டிக்கெட் போட்டேன். பதில் வந்தது: 'உங்கள் பெயரில் எங்களிடம் கணக்கு எதுவும் இல்லை. வாடிக்கையாளர் அல்லாதவர்களுக்கு உதவ இயலாது.' மூடியதே நீங்கள்தானே ஐயா, என்று கேட்க ஆசை. டிக்கெட்டையும் மூடிவிட்டார்கள்.

பிறகு ரெஜிஸ்ட்ராருக்குப் போன். டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். போப்பியா சட்டம், சொல்ல முடியாது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், 2013-இல் போட்டு 2021 ஜூலை 1 முதல் முழுசாக அமலுக்கு வந்தது. முன்பெல்லாம் டொமைன் யாருடையது என்று தேடுகிற ஹூயிஸ் அடித்தால் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர் வரை கொட்டும். அது நின்றது நல்லதுதான். மாதாமாதம் சங்கத்தின் வங்கிக் கணக்கிலிருந்து உங்களுக்கு டெபிட் ஆர்டர் போகிறதே அம்மா, என்றேன். பணம் கட்டுகிறவர் எல்லாம் உரிமையாளர் ஆகிவிட முடியாது என்றார் அந்தப் பெண், மரியாதையாகவே சொன்னார், அதுவும் சரிதான். இந்தக் கதை முழுக்க இப்படித்தான், ஒவ்வொருவரும் சொன்னது தனித்தனியாகப் பார்த்தால் நியாயம்.

யார் பெயர் என்பது கடைசியில் சங்க அலமாரியில் கிடைத்தது. ரசீது கோப்புக்குள் மடித்து வைத்திருந்த பழைய இன்வாய்ஸ். எங்கள் முன்னாள் செயலாளர் அங்கிள் தன் சொந்தப் பெயரில், தன் அடையாள எண்ணைப் போட்டு, தன் வீட்டு முகவரியில் பதிவு செய்திருக்கிறார். அந்தக் காலத்தில் அவர் ஒருவருக்குத்தான் இன்டர்நெட் தெரியும், அவர் கையில்தான் கார்டு இருந்தது, அதனால் அப்படி. யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். அவர் கோவிட் சமயத்தில் போய்விட்டார்.

ஒரே ஆளின் கையில் பெயர் இருப்பது நம் சங்கத்து வியாதி மட்டும் இல்லை. இந்த நாட்டின் .இசட்ஏ-வே அப்படித்தான் கிடந்தது. 1990 நவம்பரில் அந்த இரண்டெழுத்து தென்னாப்பிரிக்காவுக்குக் கொடுக்கப்பட்டபோது கிரஹாம்ஸ்டவுனில் ரோட்ஸ் பல்கலைக்கழகத்து ஆட்கள்தான் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ரொம்ப காலம் மைக் லாரி என்கிற ஒருவரே அதற்கு நிர்வாகி. 2002-இல் மின்னணுத் தகவல் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டம் கொண்டுவந்து அரசாங்கம் இதைத் தன் ஏற்பாட்டுக்குள் எடுக்கப் பார்த்தபோது, முறைப்படி கைமாற்றாமல் தொட்டால் எல்லாம் உடைந்துவிடும் என்று சொல்லி, மூல ஜோன் ஃபைலையே நாட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டார் மனுஷன். ஒரு நாட்டின் அத்தனை வெப்சைட்டுக்கும் வழி காட்டுகிற ஃபைல்! கடைசியில் சட்டப்படி ஆணையம் அமைந்தது, விஷயம் ஒழுங்குக்கு வந்தது. நாட்டுக்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது. சங்கத்துக்கு ஒரு தீர்மானம் போதும், அதையே நாம் போடவில்லை.

ரெஜிஸ்ட்ரார் கேட்ட காகிதங்கள்: பதிவானவரின் கையெழுத்திட்ட கடிதம், அவருடைய அடையாள அட்டையின் அத்தாட்சி பெற்ற நகல், மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. அவர் இறந்துவிட்டார் என்றேன். அப்படியானால் மரணச் சான்றிதழ், எக்ஸிகியூட்டர் (இறந்தவர் சொத்தை நிர்வகிப்பவர்) நியமனக் கடிதம், எக்ஸிகியூட்டரின் அடையாள அட்டை, அவர் எழுதிய கடிதம், எல்லாமே அத்தாட்சி முத்திரையோடு.

இவ்வளவு காகிதம் எதற்கு என்று முதலில் எரிச்சல் வந்தது, பிறகு செக்ஸ்.காம் வழக்கு ஞாபகம் வந்து அடங்கினேன். (சங்கத்து விஷயத்தில் இந்தப் பெயரை எழுத வேண்டியிருக்கிறதே என்று கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.) கேரி கிரெமென் என்பவர் 1994-இல் பதிவு செய்த பெயர் அது. 1995-இல் ஸ்டீபன் கோஹன் என்கிற ஆள் ஒரே ஒரு போலிக் கடிதத்தை வைத்து அதைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். கிரெமெனின் கம்பெனியே எழுதிய மாதிரி கடிதம், அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டோம், டொமைனை இவருக்குக் கொடுத்துவிடுங்கள், எங்களிடம் நேரடி இன்டர்நெட் இணைப்பு இல்லாததால் இவர் மூலமாகச் சொல்கிறோம் என்று. இன்டர்நெட் கம்பெனிக்கு இன்டர்நெட் இல்லையாம்! அதை நம்பி, ஒரு போன் கூட அடித்துக் கேட்காமல் பதிவுக் கம்பெனிக்காரர்கள் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். கிரெமென் வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்து, 2001-இல் 65 மில்லியன் டாலர் தீர்ப்பு வாங்கினார், கோஹன் நாட்டை விட்டே ஓடிப்போனார். நாளைக்கு யாரோ ஒருவன் சங்கத்தின் லெட்டர்ஹெட்டைப் போட்டோ எடுத்து ஒட்டி, எங்கள் டொமைனைத் தன் பக்கம் திருப்பி, காவடிக் காணிக்கைக்குத் தன் வங்கிக் கணக்கு எண்ணைப் போட்டால்? அதனால் காகிதம் கேட்கட்டும். காகிதம் கேட்பது என் குறை இல்லை. கொண்டுவந்த காகிதத்தைப் படிக்கத் தெரியாமல் இருப்பதுதான் குறை. அதற்கு வருகிறேன்.

அங்கிளின் மனைவி, ஆன்ட்டி, சாட்ஸ்வொர்த்தில் மகளோடு இருக்கிறார். "வா தம்பி, குந்து" என்று உட்காரவைத்து டீயும் சில்லி பைட்ஸும் கொடுத்த பிறகுதான் என்ன விஷயம் என்றே கேட்டார். அவர் வைத்திருந்த கோப்பு எங்கள் சங்கத்துக் கோப்பை விடப் பத்து மடங்கு ஒழுங்கு. மரணச் சான்றிதழ் மேலேயே இருந்தது. எக்ஸிகியூட்டர் கடிதம் மட்டும் இல்லை. இருந்தது லெட்டர் ஆஃப் அத்தாரிட்டி. இரண்டரை லட்சம் ராண்டுக்குக் குறைவான சொத்து என்றால் இங்கே எக்ஸிகியூட்டர் நியமனம் எல்லாம் கிடையாது, மாஸ்டர் ஆஃப் த ஹை கோர்ட் அலுவலகம் இந்த ஒரு பக்கக் கடிதத்தைக் கொடுத்து, சொத்தைப் பார்த்துக்கொள்ள இவருக்கு அதிகாரம் என்று முடித்துவிடும். பெரும்பாலான சாதாரணக் குடும்பங்களில் இதுதான் இருக்கும்.

"அவரு பேரு அதுல இருக்கா இன்னும்?" என்று கேட்டார் ஆன்ட்டி. இருக்கிறது என்றேன். "மாத்தணுமா?" என்றார். கொஞ்ச நேரம் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்துவிட்டு, "சரி, சங்கத்துக்குத்தானே, எங்க கையெழுத்து?" என்று பேனாவை எடுத்தார்.

அத்தாட்சிக்குப் போலீஸ் ஸ்டேஷன். இந்த ஊரில் கமிஷனர் ஆஃப் ஓத்ஸ் (நகலுக்கு அத்தாட்சி கொடுக்கிறவர்) முத்திரை வேண்டுமென்றால் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போவதுதான் வழக்கம், காசும் கிடையாது. வரிசையில் எங்களுக்கு முன்னால் போன் திருட்டுப் போனவர், இன்சூரன்ஸுக்குக் கேஸ் நம்பர் வேண்டும் அவருக்கு. பின்னால் வேலைக்கு விண்ணப்பிக்கச் சான்றிதழ் நகல் கட்டோடு ஒரு பையன். அந்தக் கான்ஸ்டபிள் அம்மா அசலையும் நகலையும் பக்கம் பக்கமாக வைத்து, விரலால் வரி வரியாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் குத்தினார். முழுப் பயணத்திலும் காகிதத்தை உண்மையிலேயே படித்த முதல் ஆள் அவர்தான்.

ஏனென்றால் ரெஜிஸ்ட்ரார் படிக்கவில்லை. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அனுப்பினேன், 'எக்ஸிகியூட்டர் நியமனக் கடிதம் இணைக்கப்படவில்லை' என்று திரும்பி வந்தது. லெட்டர் ஆஃப் அத்தாரிட்டி இருக்கிறதே என்று எழுதினேன். மறுபடி அதே வரி, காற்புள்ளி கூட மாறாமல். அவர்கள் படிவத்தில் எக்ஸிகியூட்டர் கடிதம் என்று ஒரு பெட்டி, அதில் டிக் அடித்தால்தான் அடுத்த பக்கம் திறக்கும் போலிருக்கிறது. கொஞ்சமே சொத்து விட்டுப் போனவர்களுக்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை.

இதற்குள் டிசம்பர் பாதி வந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காக: டிசம்பர் 16 விடுமுறையோடு இந்த நாடு கதவைச் சாத்தினால் ஜனவரி முதல் வாரம் தாண்டித்தான் திறக்கும். கொத்தனார் முதல் வக்கீல் வரை எல்லாரும் கடற்கரையில். ரெஜிஸ்ட்ராரின் தானியங்கிப் பதிலும் அதையே சொன்னது. நான் மேலே சொன்ன இந்தப் பெயர் தேடும் ஏற்பாடு, டிஎன்எஸ் என்பதே இல்லாத அந்தக் காலத்தில், இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்பாநெட்டின் அத்தனை கணினிப் பெயர்களும் ஒரே ஒரு ஃபைலில் இருந்தன. கலிபோர்னியாவில் எஸ்ஆர்ஐ என்கிற இடத்தில் எலிசபெத் ஃபைன்லர் குழு அதை வைத்திருந்தது, பெயர் சேர்க்க வேண்டுமென்றால் வேலை நேரத்தில் போன் செய்து சொல்ல வேண்டும். அது தாங்காது என்றுதான் 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, நான் இன்னும் அலுவலக நேரத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

நியாயமாகச் சொன்னால் மேல்மட்டத்திலும் இதே கதைதான். ஒரு நாட்டின் நேம்சர்வரையே மாற்ற வேண்டுமென்றால், ரூட் பட்டியலைப் பார்த்துக்கொள்கிற ஐயானா அமைப்பு அந்த நாட்டின் நிர்வாகத் தொடர்பாளர், தொழில்நுட்பத் தொடர்பாளர் இருவரின் சம்மதத்தையும் கேட்பதுதான் வழக்கம், குறைந்தது இரண்டு சர்வர், வெவ்வேறு நெட்வொர்க்கில், ஒரே மாதிரி பதில் சொல்கிறதா என்று சோதிக்கும். 2016 அக்டோபருக்கு முன்பு அதற்கு மேல் அமெரிக்க வணிகத் துறை வேறு தலையாட்ட வேண்டும். ஆனால் அங்கே ஒன்று கவனியுங்கள்: இரண்டு ஆட்கள். ஒருவர் போனால் இன்னொருவர் இருப்பார். சங்கத்தில் எல்லாக் கட்டங்களிலும் ஒரே அங்கிள்.

ஜனவரியில் திறந்ததும் வேறு மாதிரி எழுதினேன். கெஞ்சவில்லை. 1965-ஆம் ஆண்டின் 66-ஆம் எண் சட்டம், இறந்தவர் சொத்து நிர்வாகச் சட்டம், பிரிவு 18, உட்பிரிவு 3, இதன்படி எக்ஸிகியூட்டர் நியமனத்துக்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம் கொடுக்கப்படுகிறது, நீங்கள் கேட்கிற கடிதம் இந்தச் சொத்துக்குக் கிடையவே கிடையாது, இதை உங்கள் சட்டப் பிரிவுக்கு அனுப்புங்கள் என்று. இரண்டே பத்தி. பிரிவு எண்ணைப் போட்டதும் டிக்கெட் வேறு கைக்குப் போனது. இதே நிலையில் இருப்பவர்கள் அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், வக்கீல் செலவு மிச்சம்.

கணக்கின் மெயில் முகவரியை ஆன்ட்டியின் மகளுடைய முகவரிக்கு மாற்றினார்கள், லிங்க் வந்தது, ஆன்ட்டி வீட்டு மேஜையில் என் லேப்டாப்பில் லாகின் செய்தோம். நேம்சர்வர் ஒன்று, நேம்சர்வர் இரண்டு, சேமி. தேநீர் ஆறவில்லை. அன்று ராத்திரியே டிக் புதிய பெயர்களைச் சொன்னது. சிலருக்கு மட்டும் இன்னும் சைட் வரவில்லை என்று வாட்ஸ்அப் குழுவில் புகார், அவரவர் வீட்டு ரவுட்டரை ஒரு தடவை அணைத்துப் போடச் சொன்னதில் பாதிப் பேருக்குச் சரியானது, மீதிப் பேருக்கு மறுநாள் தானாகச் சரியானது. தைப்பூசத்துக்கு நாள் இருந்தது. காவடிப் பதிவு அதே வாரம் திறந்தோம்.

அப்புறம் சும்மா இருக்காமல், கையோடு டொமைனைச் சங்கத்தின் பெயருக்கே மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். 'நிறுவனம்' என்று தேர்ந்தெடுத்தால் கம்பெனிப் பதிவு எண் கேட்கிறது. வருஷம், சாய்கோடு, ஆறு இலக்கம், சாய்கோடு, இரண்டு இலக்கம், அந்த வடிவில்தான் எடுத்துக்கொள்ளும். சங்கம் கம்பெனி இல்லை, சமூக மேம்பாட்டுத் துறையில் பதிவான லாபநோக்கமற்ற அமைப்பு. எங்கள் எண் மூன்று இலக்கம், கோடு, மூன்று இலக்கம், பின்னால் என்பிஓ. கட்டம் சிவப்பாகிறது. உதவி மையத்தில் கேட்டால், சுலபமான வழி இருக்கிறதே, உங்கள் சொந்தப் பெயரில் தனிநபராகப் பதிவு செய்துவிடுங்கள் சார், என்கிறார்கள்.

மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இப்போதைக்கு ஆன்ட்டி பெயரில் இருக்கிறது, தொடர்பு முகவரிகளில் இரண்டு பேர், இரண்டுமே வெளியே இருக்கிற மெயில் முகவரிகள். என்பிஓ எண்ணுக்கு இடம் கொடுக்கிற வேறு ரெஜிஸ்ட்ரார் ஒருவரைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன், மாற்றுவதற்குச் செயற்குழுத் தீர்மானமும் தலைவர், பொருளாளர் கையெழுத்தும் வேண்டுமாம். அடுத்த கூட்டத்து நிகழ்ச்சி நிரலில் போடச் சொன்னேன், போட்டிருக்கிறார்கள், பந்தல் வாடகைக்குப் பிறகு. பந்தல் வாடகை போன கூட்டத்திலேயே முடியவில்லை.